மீன்பாடி வண்டியில் கீபோர்டு

செத்தவன் பெயர் லாசர்.
ஆனாலும் நாலாம் நாள் வரை காத்திருக்க
ஜீவரத்தினம் நகரில் யாருக்கும் தெம்பில்லை.
தடைக்காலம், போட்டெல்லாம் கரையில்,
ஐஸ் கம்பெனி பாதி மூடிக் கிடந்தது.
இருபது வருசம் ஐஸ் உடைத்தவனுக்கு
இரண்டு பாளம் கிடைக்க மத்தியானம் ஆனது.

மேளம் கூடாது என்றது சபை.
அண்ணன் கஜபதி நடுத்தெருவில் நின்றான்:
"தம்பி உங்க சாமிய கும்பிட்டான், சரி.
செத்தது எங்க தெருவுல."

அப்படித்தான் இரண்டும் வந்தன.
புளியந்தோப்பிலிருந்து வரதனின் சட்டிமேளம்,
ஓட்டேரியிலிருந்து எங்கள் பேண்டு செட்,
யூபோனியத்துக்கு ஏசுபாதம், டிரம்பெட்டுக்கு நான்.
கல்யாணத்துக்கு ஆறு, சாவுக்கு இரண்டு,
எட்டே மெட்டு என் கையிருப்பு.
நேராக ஊதினால் காசு, கோணினால் பிடித்தம்.

எப்சிபா சபைக் கீபோர்டை
மீன்பாடி வண்டியில் ஏற்றி வந்தாள்.
ஒரு கார் பேட்டரி, ஒரு இன்வர்ட்டர்,
செதில் ஒட்டிய பலகைமேல் ஸ்பீக்கர்.
வண்டி வாடகையை யாரும் பேசவில்லை.
(அதற்கு வருகிறேன்.)

முதல் தெரு முழுக்கச் சண்டை.
அவள் இரண்டு கார்டில் ஆமென் போட்டு மூடுவாள்,
மூடிய கதவை வரதன் குச்சியால் உடைப்பான்.
நான் யார் பக்கம் என்று தெரியாமல்
எச்சிலை வடித்துக்கொண்டே நடந்தேன்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் பாடை நின்றது.
துறைமுகம் வரை கன்டெய்னர் லாரிகள்,
முன்னும் போகாது, பின்னும் நகராது.
வெயில். டீசல். லாசரின் காலடியில் உருகிய ஐஸ்
தார்ச்சாலையில் சொட்டுச் சொட்டாய்.
என் இரண்டு மெட்டும் தீர்ந்து போயிருந்தன.

எப்சிபா மறுபடி அந்த ஆமென்.
இந்த முறை மூடவில்லை.
ஏழாவது சுரம் ஒன்றை மேலே வைத்தாள்,
ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைத் திட்டு வாங்க வைக்கிற சுரம்,
செருப்பை வெளியே விடாமல் உள்ளே வந்ததுபோல் ஒன்று.
வரதன் உடைக்கவில்லை.
ஒரு தட்டு தள்ளி, தாமதமாக, பதில் சொன்னான்.
அவள் கேட்டாள். அவன் சொன்னான்.
நடுவில் ஒரு ஆள் நுழைகிற இடைவெளி இருந்தது.

வால்வைப் பாதியில் நிறுத்தி ஊதினேன்.
சுருதியும் இல்லை, பிசகும் இல்லை,
இரண்டுக்கும் நடுவே தொண்டை கம்மிய ஒரு சத்தம்.
வேட்டியை மடித்துக் கட்டியபடி ஏசுபாதம்
அடியில் நாலே சுரத்தில் நடக்க ஆரம்பித்தான்.
சபைப் பெண்கள் கையைத் தட்டினார்கள்,
முதல் தட்டில் அல்ல, இரண்டாவதில், நாலாவதில்;
யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை.
ஒரு லாரி டிரைவர் கீழே இறங்கி
துண்டைச் சுழற்றி ஆடினான்.
கஜபதி அப்போதுதான் அழுதான்.

அந்த ராத்திரி எப்சிபா போனில் ஏதோ அனுப்பினாள்.
அறுபது எழுபது வருசத்துக்கு முந்தின ரெக்கார்டு,
அமெரிக்காவில் கறுப்பினக்காரர்கள் வாசித்தது.
அவர்களுக்கு முன்னால் இருந்தவர்கள்
வேகத்தின்மேல் வேகம் ஏற்றி
ஜாஸைத் தலைக்குள் கொண்டுபோய் வைத்தார்களாம்.
இவர்கள் அந்த வேகத்தைக் கைவிடாமலே
அதை வயிற்றுக்கு இறக்கினார்களாம்,
சின்ன வயதில் கோயிலில் கேட்ட ஆமெனைக் கலந்து,
ப்ளூஸைக் கலந்து, டிரம்மை முன்னால் தள்ளி.
ஹார்ட் பாப் என்று பெயர் என்றாள்.
எனக்குப் பெயர் நிற்கவில்லை.
டிரம்பெட்காரன் ஒரு இடத்தில் மூச்சு வாங்குகிறான்,
பியானோ அவனுக்காகக் காத்திருக்கிறது.
அதை ஏழு தடவை கேட்டேன்.
"இவங்களும் லாரிக்குப் பின்னாடி நின்னவங்கதான்" என்று பதில் போட்டேன்.

மறுநாள் காலை தகராறு.
வண்டிக்காரன் எகாம்பரம்: "ஐநூறு."
எப்சிபா: "முந்நூறு."
"மழையா வெயிலா, நாலு மணி நேரம், ஐநூறு."
"சாவு வீடுண்ணா, முந்நூறு."
"பேட்டரி வெயிட்டு, ஐநூறு."
பக்கத்தில் கவிழ்த்து வைத்த ஐஸ் பெட்டிமேல்
வரதன் விரலால் தட்டத் தொடங்கினான்,
ஒரு தட்டு தள்ளி, தாமதமாக.
"முந்நூத்தி அம்பது" என்றேன் நான்,
யாரும் என்னைக் கேட்கவில்லை,
இடம் இருந்தது.